ஏரம்பு அண்ணையின் நாக்கு

ஏரம்பு அண்ணை வன்னியில் மகள் வீட்டில் செத்துப்போனார் என்று போன மாசம் தந்தி வந்தது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற ஒருத்தி, "ஆர், அந்தக் கிணத்தைக் கெடுத்த மனிசனோ?" என்று கேட்டாள். நேற்றுப் பிறந்தவள். அந்தக் கிணற்றில் ஒரு மிடறு குடித்த ஞாபகம்கூட அவளுக்கு இருக்காது. எனக்கு வந்த கோபத்தில் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாய்க்காரி என்று இறுப்பிட்டி ஊர் முழுக்கப் பெயரெடுத்தவள் நான். ஆனால் அவளுக்குத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது ஏன் என்று சொல்லவேண்டுமென்றால் அந்த மனிதரைப் பற்றி முழுக்கச் சொல்லவேண்டும்.

நான் சுருவிலில் பிறந்தவள். ஐம்பத்தேழில் சிவபாதத்தைக் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். வந்த மறுநாள் விடியக் குடத்தோடு கிணற்றடிக்குப் போனால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெலிந்த மனிதர் கிணற்றுக்கட்டில் நின்று ஒரு கை தண்ணீரை வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பினார். பிறகு இன்னொரு கை விட்டு விழுங்கினார். பல்வலிக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். சுற்றி நின்றவர்கள் பூசை பார்க்கிற மாதிரி வாய் திறக்காமல் நின்றார்கள். அவர் "இறையுங்கோ" என்றார். அதன் பிறகுதான் ஆட்கள் தண்ணீர் இறைக்கிற துலாமரத்தில் ஏறினார்கள். இதென்ன கூத்து என்று புருஷனிடம் கேட்டேன். அவர்தான் ஏரம்பு அண்ணை, அந்தக் கிணற்றை வெட்டியவரின் மகன், அவர் நாக்குப் பார்க்காமல் ஒருவரும் இறைப்பதில்லை என்று சொன்னார்.

எங்கள் தீவில் கிணறு வெட்டுவது பெரிய காரியமில்லை. இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி. மாரியில் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற கடல் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து எடுத்தால் அடுத்த மாரி வருமட்டும் காணும். ஆசைப்பட்டு அள்ளினால் கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அப்படிச் சவராகிப் போன கிணறுகள் எங்கள் ஊரில் எத்தனையோ கிடக்கின்றன. ஆடு மாடுகூட அவற்றில் வாய் வைக்காது.

எங்கள் கிணற்றில் ஐந்து பங்கு. முறை வைத்து ஒரு பங்குக்கு ஒரு நாள் இறைப்பு. ஓலைப் பட்டையில் வருகிற முதல் தண்ணீரை ஏரம்பு அண்ணை வாயில் விட்டுப் பார்த்து, "இறையுங்கோ" என்பார், அல்லது "ஆறட்டும்" என்பார். ஆறட்டும் என்றால் அன்றைக்கும் மறுநாளும் துலாவில் ஒருவரும் ஏறக்கூடாது. வீட்டுக்கு இரண்டு குடம் குடிதண்ணீர், அவ்வளவுதான். முறைக்காரன் முணுமுணுப்பான், ஆனால் மீறமாட்டான். அந்த மனிதரும் சும்மா தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல. விடியத் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார். அவருடைய தோட்டத்தில் புகையிலை நின்றது, ஆனால் ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. வெற்றிலையும் இல்லை. ஊறுகாயைக் கண்டால் எழும்பிவிடுவார். அவருடைய மனைவி நாகமுத்து அக்கா, தான் கலியாணம் கட்டினது நாக்கையாம், மனிதனை இல்லையாம் என்று கிணற்றடியில் பகிடி விடுவா.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில் புயல் வந்தது. அதைப் பற்றி விரித்துச் சொல்ல எனக்கு இப்போதும் விருப்பமில்லை. கூரை போனது. ஏரம்பு அண்ணையின் ஏழு மாடுகளில் இரண்டு மிஞ்சின. கடல் எழும்பி வயலுக்கு மேலால் வந்து கிணற்றுக்குள் விழுந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கிணறு கட்டுமட்டும் நிறைந்து, ஓலையும் மட்டையும் செத்த நாயும் மிதந்தன. ஐந்து வீட்டு ஆம்பிளைகளும் சேர்ந்து இரண்டு நாள் இறைத்துக் கொட்டினார்கள். மூன்றாம் நாள் ஏரம்பு அண்ணை துலாவைப் பிடித்து நிறுத்தினார்.

"மேலாலை வந்த உப்பை இறைச்சாச்சு. இனி இறைச்சால் கீழை கிடக்கிறதுதான் ஏறும். மழை இறங்கட்டும், விடுங்கோ."

என்னுடைய புருஷன் சண்டைக்குப் போனார். குடிக்கிறதுக்கு என்ன செய்கிறது, தோட்டத்துக்கு என்ன செய்கிறது என்று கத்தினார். ஏரம்பு அண்ணை அசையவில்லை. இரண்டு வருஷம் அந்தக் கிணற்றில் ஒருவரும் இறைக்கவில்லை. நாங்கள் பெண்கள் ஒன்றரைக் கட்டைத் தூரம் நடந்து அடுத்த குறிச்சிக் கிணற்றில் பேச்சு வாங்கி வாங்கித் தண்ணீர் கொண்டுவந்தோம். பனங்கிழங்கு ஒடியலில் கூழ் காய்ச்சிக் குடித்தோம். அவரைத் திட்டாத நாளில்லை, நான்தான் முன்னுக்கு நின்று திட்டினேன். அறுபத்தாறு மாரி முடிந்த பிறகு ஒருநாள் விடிய, ஒரு கைத் தண்ணீரை வாயில் வைத்திருந்து, துப்பாமல் விழுங்கினார். "இறையுங்கோ" என்றார். சிவபாதம் துலாவில் நின்றபடி அழுதுவிட்டார். அந்த முறை வெங்காயம் விளைந்த விளைச்சலை நான் என் சீவியத்தில் அதற்குப் பிறகு காணவில்லை.

அன்றிலிருந்து அவர் சொல்வது எங்கள் ஐந்து வீட்டுக்கும் சட்டம்.

எழுபதுக்குப் பிறகு இரண்டு காரியம் ஒன்றாக நடந்தன. அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் நிறுத்தியது. யாழ்ப்பாணம் முழுக்க மிளகாய் வைத்தார்கள். மற்றது, மழைக்குக் கிறுக்குப் பிடித்தது. ஐப்பசியில் தொடங்கவேண்டிய மாரி கார்த்திகை முடிய வரும். வந்தால் மூன்று நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விடும். புழுதியில் விதைத்த நெல் முளைக்காமலே கருகும். திரும்ப விதைப்போம். அதுவும் போகும். ஒரு வருஷம் கஞ்சிக்கு வைத்த நெல்லையே மூன்றாம் தரம் விதைத்தோம். நெல்லை இனி நம்பேலாது என்றானபோது, எல்லோருடைய கண்ணும் கிணற்றில் விழுந்தது. முன்னே புகையிலையும் கொஞ்சம் வெங்காயமும் குடித்த தண்ணீரை ஐந்து மிளகாய்த் தோட்டம் குடிக்கத் தொடங்கியது.

ஐந்தாம் பங்குக்காரன் குலசிங்கம் அப்போதுதான் இறைக்கிற மிசின் ஒன்று கொண்டுவந்தான். ஏரம்பு அண்ணை முதலில் வேண்டாம் என்றார். "மனிசன் களைச்சால் கிணறும் ஆறும். மிசின் களைக்காது" என்றார். சரியான பேச்சுத்தான். ஆனால் அவருக்கு அறுபது வயது நெருங்கிவிட்டது, முழங்கால் பிடித்துக்கொண்டது. ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள் யோகம்மா வன்னியில் கலியாணம் முடித்திருந்தாள். தன் முறைக்குத் துலா மிதிக்க ஒவ்வொரு வீடாகப் போய் ஆள் கேட்கவேண்டியிருந்தது. கடைசியில், தான் நாக்குப் பார்த்த பிறகுதான் மிசின் இயங்கவேண்டும் என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார். நாங்களும் வாக்குக் கொடுத்தோம். இரண்டு மூன்று வருஷம் அது ஒழுங்காகத்தான் நடந்தது.

எழுபத்தைந்து மாரி பொய்த்தது. மூன்று மழை, அவ்வளவுதான். வயலில் ஒன்றுமில்லை. மாட்டுக்குப் பனையோலை கிழித்துப் போட்டோம். தையில், பிறகு பெய்யாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஐந்து வீடும் மிளகாய் வைத்தோம். அது ஒன்றுதான் மிச்சம். அது போனால் சட்டிக்குள் போட ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஏரம்பு அண்ணை நாலு நாளுக்கு ஒருமுறை ஆறட்டும் என்றார், பிறகு இறையுங்கோ என்றார்.

மாசி நடுவில் எங்கள் வீட்டில் பயறு அவிய மறுத்தது. மூன்று மணித்தியாலம் அடுப்பில் கிடந்தும் கல்லுப் போல நின்றது. சவர்த் தண்ணீரில் பயறு அவியாது என்பது சமைக்கிறவளுக்குத் தெரியும். தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன், எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே கிணற்றில் தினமும் குடிக்கிறவனின் நாக்கு, தினமும் ஏறுகிற ஒரு சொட்டு உப்புக்குப் பழகிவிடும். புயலில் திடீரென்று வந்த உப்பை அவருடைய நாக்குப் பிடித்தது. இது மெல்ல மெல்ல ஏறியது, அவருடைய நாக்கும் கூடவே ஏறிக்கொண்டு போனது. எங்கள் சட்டி பானைதான் முதலில் கண்டுபிடித்தது.

புருஷனிடம் சொன்னேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "வாயைப் பொத்திக்கொண்டிரு. பூ வந்திட்டுது" என்றார். கிணற்றடியில் மற்றப் பெண்களும் ஒருத்தி மாறி ஒருத்தி இதையே சொன்னார்கள். நாகமுத்து அக்கா, தான் சோற்றுக்கு உப்புப் போடுவதையே விட்டுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தா. நாங்களும் சிரித்தோம், வெட்கம் கெட்டவர்கள். அண்ணையிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னால் கிணத்தை மூடிப்போடுவார், பிள்ளை" என்றா. அவர் நம்பமாட்டார் என்று ஒருத்தியும் பயப்படவில்லை. நம்பிவிடுவார் என்றுதான் பயந்தோம். இன்னும் நாலு இறைப்பு, இன்னும் மூன்று இறைப்பு என்று விரல் மடித்துக்கொண்டிருந்தோம்.

பங்குனியில் யோகம்மா தலைப்பிள்ளைப் பெறுவுக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். வன்னியில் குளத்துத் தண்ணீர் குடித்தவள். பஸ்ஸால் இறங்கி வந்த களைப்பில் தாய் கொடுத்த தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். குடித்த கையோடு முற்றத்தில் துப்பினாள். நானும் அங்கே நின்றேன். "அப்பு, என்ன இது, ஒரே உப்பாக் கிடக்கு" என்றாள். ஏரம்பு அண்ணையின் முகம் எப்படியோ ஆனது. தண்ணீர்க் குடத்தை எடுத்து, வாயில் விட்டு, வைத்திருந்து, விழுங்கினார். பிறகும் விட்டார். அன்றைக்கு அந்த மனிதர் சாப்பிடவில்லை என்று நாகமுத்து அக்கா பிறகு சொன்னா.

மறுநாள் எங்கள் முறை. விடியக் கிணற்றடியில் எல்லோரும் நின்றோம். குலசிங்கம் மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஏரம்பு அண்ணை மூன்று தரம் நாக்குப் பார்த்தார். மூன்றாம் தரம் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். அவர் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. தனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் பிள்ளை சவர் என்கிறாள், உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் குனிந்து மிசினைப் பார்த்தோம். அப்போது என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீர் மனசிலை ஒண்டை வைச்சுக்கொண்டு வாயிலை ஒண்டு சொல்லுற ஆள் இல்லை. நீர் குடிச்சுப் பாத்துச் சொல்லும்."

பட்டையில் இருந்து ஒரு கை அள்ளினேன். சிவபாதம் என்னைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிளகாய் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கீழ்க் கணுவில் பிஞ்சு பிடித்து நின்றது. வீட்டில் நாலு பிள்ளைகள். குடித்தேன். என் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லைத்தான். ஆனால் எனக்குத் தெரியும். பயறு சொன்னது, சோறு சொன்னது, துப்பின பிள்ளையை என் கண்ணால் கண்டேன்.

"நல்ல தண்ணிதான், அண்ணை" என்றேன்.

அவருக்கு முகம் தெளிந்தது. பார்வை மங்கின என் கண்ணுக்கு அந்தத் தெளிவு இப்போதும் தெரிகிறது. "அப்ப இறையுங்கோ" என்றார். மிசின் தொடங்கியது. இரண்டு மணித்தியாலம் ஓடியது. வழமையாக ஒரு முழம் தண்ணீர் விட்டு நிறுத்துகிறவர்கள், அன்றைக்கு அடிக் கல்லுத் தெரியுமட்டும் இறைத்தார்கள். அவரும் தடுக்கவில்லை.

பத்து நாளில் இலை நுனி கருகியது. வெயில் என்றோம். பூ உதிர்ந்தது. காற்று என்றோம். பிறகு பாத்தியில் வெள்ளையாகப் பூத்தது, அது உப்பு. பிஞ்சு சுருண்டு விழுந்தது. ஒரு தோட்டம் தப்பவில்லை. சித்திரைப் பிறப்புக்குக் கிணற்றுத் தண்ணீரை யாரும் வாயில் வைக்க முடியவில்லை, அப்போது யாருடைய நாக்கும் தேவைப்படவில்லை. பிள்ளை பிறந்து ஒரு மாசம் கழிய, யோகம்மா கைக்குழந்தையோடு வன்னிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பங்குக்காரர்கள் கிணற்றடிப் பூவரசின் கீழ்க் கூடினார்கள். பெண்கள் நாங்கள் வேலியோரம் நின்றோம். முதலில் எழும்பியவர் என் புருஷன். "உங்கடை நாக்கை நம்பித்தானே நாங்கள் எல்லாரும் இருந்தனாங்கள்" என்றார். குலசிங்கம் அதைவிட மோசமாகப் பேசினான், அதைச் சொல்லமாட்டேன். அண்ணை அடுத்து என்னை இழுப்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏரம்பு அண்ணை எல்லோரும் பேசி முடியுமட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஓம். பிழை என்னிலைதான்" என்றார். என் பெயரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான். குலசிங்கம் மிசினை விற்றுவிட்டுத் தெற்கே சிங்கள ஊரில் கடை வேலைக்குப் போனான். சிவபாதமும் போய், எழுபத்தேழு கலவரத்தில் உடுத்த உடுப்போடு திரும்பி வந்தார். அதே வருஷம் வெளிநாட்டு மிளகாயும் திரும்ப வந்துவிட்டது, கிணறு நல்லாயிருந்திருந்தாலும் எங்கள் மிளகாயை வாங்க ஆளிருந்திருக்காது. மற்ற இரண்டு பங்குக்காரரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். ஊரில் அரைவாசி வீடு அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது. எழுபத்தெட்டில் நாகமுத்து அக்கா கண்ணை மூடினா. யோகம்மா வந்து தகப்பனைக் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. அறுபத்தாறில் ஆறின கிணறு, இதுவும் ஆறும் என்றார்.

ஆறவைக்கத்தான் பார்த்தார். ஒவ்வொரு மாரிக்கு முன்னும், பிடித்துப்போன அந்த முழங்காலோடு, கிணற்றைச் சுற்றி வரம்பு கட்டினார். வயலில் விழுகிற மழை கடலுக்கு ஓடாமல் அங்கேயே தேங்கி இறங்கவேண்டுமாம். சனம் விசர் என்றது. நான் ஒருநாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். வரம்பு கட்ட என் மூத்தவனை அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். நாலு மாரி அப்படிக் கட்டினார்.

எண்பதாம் ஆண்டு மாரி நல்ல மாரி. பத்து வருஷத்தில் காணாத மழை, நிதானமாகப் பெய்தது. வரம்பு நிறையத் தண்ணீர் நின்று இறங்கியது. தை கழிந்து ஒருநாள் காலை, ஏரம்பு அண்ணை ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு எங்கள் வேலிப் படலையடிக்கு வந்தார். சவரம் செய்து, தோய்த்த வேட்டி கட்டியிருந்தார். யோகம்மாவின் கடிதம் வந்திருக்கிறது, இந்தமுறை வராவிட்டால் தான் வந்து தூக்கிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாள் என்றார். தண்ணீர் நல்லதென்றால் தான் போகவேண்டியதில்லை, ஆனால் தன் நாக்கைத் தான் இனி நம்புவதில்லை என்றார். செம்பை என்னிடம் நீட்டினார்.

நான் ஐந்து வருஷமாக ஒன்றரைக் கட்டை நடந்து எடுத்த நல்ல தண்ணீர் குடிக்கிறவள். செம்பை வாயில் வைத்தேன். கடவுளே என்று இருந்தது. நல்லது என்று சொல்ல வாய் துடித்தது, அவருக்காக. ஒருமுறை சொன்னது போதும் என்று நினைத்தேன்.

"சவர்தான், அண்ணை. குடிக்கேலாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போகத் திரும்பியவர், படலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்குக் கிணத்தடியிலையும் உமக்கு இது தெரியும் என்ன, தங்கச்சி?"

அவருடைய குரலில் கோபமில்லை. சிவபாதம் உள்ளே இருமுகிற சத்தம் கேட்டது. நான் நிலத்தைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஓம், அண்ணை" என்றேன்.

செம்பில் இருந்த தண்ணீரை வேலியடியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வன்னிக்குப் போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள்.